வண்டி ஓடினால் ஊருக்கு

ரயில் என்பது எனக்குப் பாடப்புத்தகத்தில் மட்டும் ஓடுகிற வாகனமாக இருந்தது. போர்ட் பிளேரில் பிறந்த பிள்ளை நான். கப்பலைத் தெரியும், கப்பலில் வரும் வெங்காயத்தின் வாசனையை வைத்தே அது எத்தனை நாள் தாமதம் என்று சொல்லத் தெரியும். ரயிலைத்தான் தெரியாது. அதனால் வீட்டில் "மெயின்லேண்டுக்கே போயிருவோம்" என்ற பேச்சு எழும்போதெல்லாம் நான் கண்ணை மூடிக்கொண்டு அம்மா கட்சி. அவளுக்குத் திருநெல்வேலி வேண்டும், எனக்கு ரயில் வேண்டும். கூட்டணிக்கு இது போதாதா?

பேச்சு எழுவது கப்பல் நாட்களில். ஹேடோ துறைமுகத்தில் மெட்ராஸ் கப்பல் ஊதினால் ஷாதிபூரில் எங்கள் அடுப்படிவரை கேட்கும். உடனே அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொள்வாள். "நாமளும் ஒருநா அதுல ஏறுவோமா, இல்ல இந்த மழையிலயே பூசணம் பிடிச்சுக் கிடப்போமா?"

அப்பா துறைமுகத்துச் சாமான் கிடங்கில் குமாஸ்தா. பதில் சொல்லாமலிருப்பதில் அரசாங்கப் பயிற்சி பெற்றவர். ஆனால் ஒரு மழைக்காலத்தில் அவருக்கு ஒரு பதில் கிடைத்தது. கழித்துக்கட்டிய சாமான்களை ஏலம் விட்டபோது துருப்பிடித்த டூ ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள் ஒன்றை எடுத்து வந்தார். கூட வந்தவர் மாமா, அதாவது அம்மாவின் தம்பி. வேலை தேடிக் கப்பலேறி வந்து, வேலை கிடைத்த பிறகும் எங்கள் வீட்டை விட்டுப் போக மறந்துபோனவர்.

"இந்த வண்டி ஓடட்டும்ளா" என்றார் அப்பா. "ஓடிட்டுன்னா மறுநாளே மாத்தல் கேட்டு எழுதிப் போட்டுருதேன். அரைகுறையா ஒண்ண விட்டுட்டுப் போற பரம்பரை இல்ல நம்மது."

எங்கள் பரம்பரை அரைகுறையாக விட்டவற்றில் ஒரு கிணறும், பெரியப்பாவின் வக்கீல் படிப்பும், இரண்டு பாகப் பிரிவினைகளும் அடங்கும். இருந்தாலும் அம்மா சம்மதித்தாள். ஒரு மாதத்து வேலை என்று நினைத்திருப்பாள்.

எஞ்சின் இறுகிப்போயிருந்தது. மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, படாக் மரக்கட்டையால் தட்டித் தட்டிப் பிஸ்டனை வெளியே எடுத்தார்கள். ரிங்குக்கு மெட்ராசுக்கு எழுதினார்கள். அது வந்தது; அளவு தப்பு. மறுபடி எழுதினார்கள். கார்பரேட்டரின் ஓட்டையை ஈர்க்குச்சியால் குத்தினார்கள். சைலன்சரைக் கரி எடுக்கவென்று அம்மாவின் விறகடுப்பில் செருகிவைத்தார்கள். அன்று ரசத்தில் பெட்ரோல் மணந்தது. கேஸ்கெட் கிடைக்காமல் அப்பா ஆபீஸ் கோப்பு அட்டையை வெட்டிப் போட்டார். அதில் "அவசரம்" என்று அச்சடித்திருந்தது. வயிற்றுக்குள் அவசரத்தை வைத்துக்கொண்டு அவ்வளவு நிதானமாக இருந்த எஞ்சினை நான் பிறகு எங்கும் பார்த்ததில்லை.

ஒரு வழியாக அது இருமத் தொடங்கியபோது, பெட்ரோலில் கலக்க வேண்டிய எஞ்சின் ஆயில் ஊரிலேயே இல்லை. மாமா தேங்காயெண்ணெயைக் கலந்தார். தெரு முழுக்க முறுக்குச் சுடுகிற வாசனை. பக்கத்து வீட்டு வங்காளி மாசி தட்டோடு வந்து நின்றாள். "தீதி, ஆஜ் க்யா பனாயா?" என்ன பலகாரம் என்று கேட்கிறாள். அம்மா வண்டியைக் காட்டினாள். இருவரும் வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் வேலி சாய்ந்தது.

இத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் அம்மா ஒரு சொல் சொன்னாள். "ரெண்டு சக்கரத்துல ஒரு பொம்பள எப்படி உக்காருவா?"

அப்பா இதை ஓர் ஆணையாக எடுத்துக்கொண்டார். மூன்றாவது சக்கரம் வந்தது. ஷாதிபூர் ஏற்றத்தில் மாமாவோடு சேர்ந்து கவிழ்ந்தது. அப்புறம் பின்பக்கத்தை வெட்டி, ஒரே இரும்புத் தண்டில் இரண்டு சக்கரம். முன்னால் சரக்குத் தள்ளுவண்டியின் இரண்டு ரப்பர் சக்கரம். நடுவில் குடும்பம் உட்காரப் பலகை. மாமாவுக்கு வேகம் வேண்டும், ஆகவே சைலன்சர் பாதியாயிற்று. அப்பாவுக்குப் பத்திரம் வேண்டும், ஆகவே ஹாரன் இரண்டாயிற்று. வளைவில் ஹாண்டிலைத் திருப்பினால் வண்டி சற்று யோசித்துவிட்டு, மனமிருந்தால் திரும்பும். எனக்கும் ஒரு பதவி: ஹேண்ட் பிரேக். "கட்டையைப் போடுளா!" என்று மாமா கத்தினால், பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குதித்து, சக்கரத்துக்கு அடியில் ஒரு மரத்துண்டைச் சொருக வேண்டும். ரயிலுக்காக நான் இதையும் செய்தேன்.

இரண்டு மழைக்காலம் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கப்பல் வந்திருந்த நாள், வண்டி நிற்காமல் தெருவை மூன்று சுற்றுச் சுற்றியது. அப்பா சட்டை மாற்றிக்கொண்டார். ஹேடோவரை எல்லோரும் போய்க் கப்பலைப் பார்த்துவிட்டு வருவது என்று முடிவாயிற்று. அம்மா நல்ல புடவை கட்டிக்கொண்டு பலகையில் ஏறி, கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

முதல் வளைவிலேயே ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டினார். "யே க்யா சீஸ் ஹை?"

இது என்ன பொருள் என்கிறார். "ஜி... யே... பஹ்லே மோட்டார் சைக்கிள் தா..." என்று அப்பா, இது முன்பு மோட்டார் சைக்கிளாக இருந்த வரலாற்றிலிருந்து தொடங்கினார்.

அம்மா பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். "காடி ஹை பையா, திக்தா நஹி? பீவி கா புகார் உத்ரா?"

வண்டிதான், கண் தெரியவில்லையா என்று அதட்டிவிட்டு, அவர் மனைவியின் காய்ச்சலையும் விசாரிக்கிறாள். போலீஸ்காரரின் முகம் மலர்ந்தது. மனைவிக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டதாம். வழிவிட்டு, அம்மாவுக்கு ஒரு சலாமும் வைத்தார்.

"இவரை ஒனக்கு எப்படித் தெரியும்?" என்றார் அப்பா.

"அவரு பொண்டாட்டியும் நானும் ஒரே குழாயிலதான தண்ணி பிடிக்கோம்."

அதற்குப் பிறகு தெருவே அம்மாவுடையதாகிவிட்டது. எங்கள் வேகத்துக்கு யார் வேண்டுமானாலும் கூடவே நடந்து வந்து பேசலாம். மீன் விற்கும் தெலுங்கு அம்மாள் கூடையோடு ஓடிவந்து, நேற்றைய பேரத்தின் பாக்கிச் சண்டையை முடித்துக்கொண்டு போனாள். மலையாளத்து நர்ஸ் கையசைத்தார். ராஞ்சிக்காரக் கிழவர் ஒருவர் "பேட்டி, கஹான் சலி?" என்று கேட்டார்; எங்கே கிளம்பிவிட்டாய் மகளே என்று. அம்மா எல்லோருக்கும் அவளுடைய திருநெல்வேலி இந்தியில் உரக்கப் பதில் சொன்னாள். அப்பாவுக்கு வழியெல்லாம் சேர்த்து ஒரே ஒருவர்தான் வணக்கம் வைத்தார். அதுவும் மாமாவுக்கு வைத்தது என்று பிற்பாடு தெரிந்தது.

ஹேடோவில் வண்டியை நிறுத்திக் கட்டையைப் போட்டேன். கப்பல் வெள்ளையாக நின்றது. ஊருக்குப் போகிறவர்கள் டிரங்குப் பெட்டியோடும் தேங்காய் மூட்டையோடும் வரிசையில் நின்றார்கள்.

"ஓடிட்டுளா" என்றார் அப்பா. குரலில் வெற்றிக்கு உரிய தெம்பு இல்லை. "நாளைக்கே மாத்தலுக்கு எழுதுதேன். இப்ப சந்தோசந்தானே?"

என் காதில் ரயில் கூவியது.

அம்மா கப்பலைப் பார்த்தாள். வரிசையைப் பார்த்தாள். மூக்கைத் துடைக்கவில்லை. பிறகு, அதுவரை 'இரும்புச் சனியன்' என்பதைத் தவிர வேறு பெயர் சொல்லாத எஞ்சின் பக்கம் குனிந்தாள்.

"உள்ள ஏதோ டக்கு டக்குன்னு அடிக்கு."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல."

"ஏங்க, மேல உக்காந்து வந்தவ நானு, எனக்குத் தெரியாதா? ஏத்தத்துல நல்லாக் கேட்டுச்சு. பிரிச்சுப் பாருங்க. சரியா ஓடாத வண்டிய ஓடிட்டுன்னு சொல்லிட்டுக் கப்பலேறினா, நாளைக்கு நாலு பேரு நம்மள மதிப்பாவளா?"

அப்பா மாமாவைப் பார்த்தார். மாமா அக்காவைப் பார்த்தார்.

"நானே சொல்லணும்னுதான் இருந்தேன் அத்தான்" என்றார் மாமா. "பேரிங்கா இருக்கும். மெட்ராஸ்லேர்ந்துதான் வரணும்."

"அப்ப ஒரு கப்பல் போயி, ஒரு கப்பல் வரணும்" என்றார் அப்பா.

"மொதல்ல அளவு தப்பாத்தான் வரும்" என்றாள் அம்மா.

திரும்பி வரும்போது வண்டி ஏற்றத்தில் பிரமாதமாக ஏறியது. அப்பா சீட்டியடித்துக்கொண்டு வந்தார். இவ்வளவு பெரிய கோளாறு கண்டுபிடிக்கப்பட்ட பிறகு ஒரு மனிதர் சீட்டியடிப்பது எனக்கு ஆத்திரமாக இருந்தது. வீட்டு வாசலில் மாமா எஞ்சினை அணைப்பதற்கு முன் நான் காதைக் கிட்டத்தில் கொண்டுபோய், மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். டக்கும் இல்லை, டுக்கும் இல்லை. வழக்கமான சத்தம்தான்.

மூன்று பெரியவர்களுக்குக் கேட்ட சத்தம் எனக்கு மட்டும் கேட்கவில்லை என்றால் பழுது என் காதில்தான் இருக்க வேண்டும். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பள்ளிக்கூடத்தில் முதல் பெஞ்சுக்கு மாற்றிவிடுவார்கள்.