ஆறு ரன் அட்டைகள்

என் நாத்தனார் சத்யப்பிரியா அண்ணி எங்களோடுதான் இருக்கிறார். ஜெயங்கொண்டத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். சிறுவயதில் பபிள்கம்மோடு வந்த கிரிக்கெட் அட்டைகளை இன்றும் ஒரு பிஸ்கட் டின்னில் வைத்து, வாரம் ஒருமுறை எடுத்துத் துடைப்பார்.

"குப்பைய எத்தன வருசத்துக்குக்கா அடைகாப்ப?" என்பார் அவர் தம்பியான என் வீட்டுக்காரர். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது டின்னைப் பழைய பேப்பர்காரரிடம் போடவே எடுத்துவிட்டார். பழைய அட்டை வாங்குகிறவர் ஒருவர் திருச்சியில் இருக்கிறார், அவர் வந்து தேறாது என்று சொன்னால் போட்டுவிடலாம் என்று அண்ணி தடுத்தார்.

வந்தவர் நான் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே மேலாகப் புரட்டினார். "லட்சக்கணக்குல அச்சடிச்சதும்மா. ஊருக்கு ஊர் கெடக்கு."

என் வீட்டுக்காரர் சிரித்தார். அண்ணி டின்னின் அடியிலிருந்த அட்டைக் கட்டை எடுத்துப் பின்பக்கம் தெரிய அடுக்கினார். எல்லாவற்றிலும் ஆறு ரன் என்று அச்சாகியிருந்தது. அட்டையில் வரும் அதிகபட்ச ரன் அதுதான். நூறு ரன்னுக்கு அட்டைகளைச் சேர்த்துக் கடையில் கொடுத்தால் அப்போது பரிசு தருவார்கள்.

வந்தவர் டம்ளரைக் கீழே வைத்தார். "ஆறு ரன்ன எல்லாப் பசங்களும் கடையில குடுத்துட்டாங்க. அதான் இப்ப எங்கயும் கெடைக்கல. நீங்க ஏம்மா குடுக்கல?"

"குடுத்தா அட்டை போயிடுமே சார்."

விலை கேட்டார். "விக்கிறதுக்கு இல்லீங்க" என்றார் அண்ணி.

சரி, இன்னொருமுறை பார்க்கிறேன் என்று அவர் கையை நீட்டினார். என் வீட்டுக்காரர் குறுக்கே வந்தார்.

"டீ குடிச்ச கை சார். கழுவிட்டு வந்து தொடுங்க."