இமெல்டாவின் வெள்ளை வாய்ப்பூக்கள்

தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது ரெலிபோன் அடித்தது. இமெல்டாவின் தங்கை மகள் ஷாமினி. "ஆன்ட்டி, பெரியம்மா விடியக்காலையில போயிட்டாங்க" என்றாள். அழுது முடித்த பிறகுதான் எடுத்திருக்கிறாள் என்று குரலில் தெரிந்தது. அடுத்த மூச்சிலேயே, பெரியப்பாவின் குழியைத் திறந்து அதிலேயே வைத்துவிடலாம்தானே என்று கேட்டாள். கத்தோலிக்கக் குடும்பங்களில் அதுதான் வழக்கம். "ஓம்" என்று சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அந்தத் தயக்கம் ஏன் என்பதை இமெல்டாவைத் தெரிந்த எல்லாருக்கும் இப்போது சொல்லலாம். தான் போன பிறகு சொல்லும்படி அவளே எனக்கு உத்தரவு போட்டிருந்தாள்.

வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரே கட்டடத்தில் இருந்தோம். நான் மேல்மாடி வீட்டில் கணித ரியூஷன் கொடுப்பேன். எனக்கும் மேலே, மொட்டை மாடியோடு ஒட்டிய அறையில் அவளும் கணவன் செபஸ்தியானும். கலியாணத்துக்கு முன் அவள் கொட்டாஞ்சேனையில் மலர்வளையம் கட்டும் பூக்கடை ஒன்றில் வேலை செய்தவள். ஸ்னாப்டிராகன் என்ற பெயர் அந்தக் கடையில் எவர் நாவிலும் நிற்காது. பூவின் கன்னத்தை இரண்டு விரலால் அமுக்கினால் வாய் திறக்கும், விட்டால் மூடும். அதனால் வாய்ப்பூ என்பார்கள். நுவரெலியாக் குளிரில் வளரும் அந்தப் பூவை மொட்டை மாடியில் விதை போட்டு வளர்த்துக் கடைக்கு விற்கப்போகிறேன் என்று இமெல்டா சொன்னபோது, வெயிலில் அப்பளம் காய வைத்தாலும் லாபம் வரும் என்றேன் நான்.

என் வாயை அவள் அடைத்துவிட்டாள். அந்த விதை தூசிக்குச் சமம். மண் போட்டு மூடக் கூடாது, வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும். முதலில் சில நாள் பிரிட்ஜில் வைப்பாள். மழை தொடங்கியதும் நனைந்த மண்மேல் தூவி, பொலித்தீன் கட்டி நிழலில் விடுவாள். தண்ணீரை மேலே ஊற்றமாட்டாள், தட்டில் நிற்கவிட்டுக் கீழிருந்து குடிக்க விடுவாள். நுனியைக் கிள்ளினால் கிளைக்கும், ஆனால் உயரம் போய்விடும். பூக்கடைக்கு உயரம்தான் வேண்டும். ஆகவே கிள்ளாமல், செடிக்கு ஒரு தண்டாக நெஞ்சளவுக்கு வளர்த்தாள். சாயாமல் இருக்க, முகத்துவாரத்து மீனவர்களிடம் வாங்கிய பழைய வலையைக் கம்புகளுக்கிடையில் படுக்கையாக இழுத்துக் கட்டினாள். தண்டுகள் வலைக்கண்களுக்குள்ளால் நேராக மேலே போயின. கட்டடத்துச் சொந்தக்காரர் அதைப் பார்த்து வயர்லெஸ் ஏரியல் என்று நினைத்துவிட்டார். சண்டைக் காலத்தில் ஆமி வந்தால் எல்லாரையும் அள்ளிக்கொண்டு போகும் என்று ஒரு பாட்டம் கத்தினார். அவருக்கு ஒரு கொத்துப் பூ கொடுத்துத்தான் சமாளித்தோம்.

தை மாதத்தில், அடிப் பூக்கள் மட்டும் விரிந்த பதத்தில் வெட்டுவாள். பஸ்ஸில் வாளியை மடியில் வைத்து, தண்டுகளை நிமிர்த்தியே கொட்டாஞ்சேனைவரை கொண்டுபோவாள். வெட்டிய பிறகும் அந்தத் தண்டு வளர்ந்துகொண்டிருக்கும். படுக்க வைத்தால் சில மணித்தியாலத்தில் நுனி வளைந்து மேலே எழும்பிவிடும், பிறகு கடைக்காரர் எடுக்கமாட்டார். "வாய்ப்பூ பிடிவாதக்காரி, டீச்சர். படுக்க வைச்சா ஒத்துக்காது" என்பாள். அதைச் சொல்லும்போது சிரிப்பாள். அந்தக் காலத்தில் அவள் நன்றாகச் சிரிப்பாள்.

செபஸ்தியான் யாழ்ப்பாணத்துக் கரையோரத்தவர், புறக்கோட்டையில் ஒரு இரும்புக்கடையில் வேலை. ஒரு பின்னேரம் பாண் வாங்கப் போனவரை யாரோ ஒரு வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கண்டவர்கள் இருந்தார்கள். கண்டோம் என்று சொல்ல ஒருவரும் இல்லை. இமெல்டா ஏறி இறங்காத படி கிடையாது. பிறகும் அவள் விதை போட்டாள். மற்ற நிறங்களை வெட்டிக் கடைக்குக் கொடுத்தாள், வெள்ளையில் மட்டும் கத்தி வைக்கவில்லை. வெள்ளை சாவீட்டுக்குக் கேட்கிற நிறம். வெட்டாத தண்டுகள் நின்ற இடத்திலேயே காய்ந்தன.

காய்ந்த வாய்ப்பூவின் காயை நீங்கள் பார்த்திருக்கிறீர்களோ தெரியாது. ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகத்தளவு மண்டையோடு. இரண்டு கண்குழி, கீழே திறந்த வாய். தண்டு நீளத்துக்கு அடுக்கடுக்காக இருக்கும். கடற்காற்று எழும்பினால் உள்ளே விதைகள் சரசரக்கும். நான் கேத்திரகணிதம் படிப்பித்துக்கொண்டிருக்கும்போது மாடிப்படி வழியாக அந்தச் சத்தம் இறங்கி வரும். பல பேர் ஒரே நேரத்தில் குசுகுசுப்பது போலக் கேட்கும். பேய் பிசாசில் எனக்கு நம்பிக்கை கிடையாது, பயம் மட்டும் உண்டு. கதவைச் சாத்திவிட்டுத்தான் பாடத்தைத் தொடர்வேன்.

அந்தக் காய்களை ஒரு முறை கடதாசிப் பையில் போட்டு, தங்கை வீட்டில் வைத்து விதை பிரிக்கக் கொண்டுபோனாள். நானும் கூடப் போனேன். சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தினார்கள். பையைத் திறந்த சிப்பாய்க்கு மீசை கூட முளைத்திருக்கவில்லை. "மே மொனவத?" என்று கேட்டான், இது என்ன என்று. பூ என்று இவள் சிங்களத்தில் சொன்னாள். அவன் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தான். முகம் வெளிறிவிட்டது. அதைத் திரும்பப் பைக்குள் வைத்து, வாயை மடித்து, இரண்டு கையாலும் அவளிடம் கொடுத்தான். எங்கள் அடையாள அட்டையை அவன் கேட்கவே இல்லை. பஸ் வெளிக்கிட்ட பிறகு இமெல்டா, "அவன் எங்கயோ பெரிசாப் பார்த்திருக்கான், டீச்சர்" என்றாள்.

வருடங்கள் போயின. செபஸ்தியானின் தாய் யாழ்ப்பாணத்திலிருந்து பயண அனுமதிப் பாஸ் எடுத்துக் கப்பலில் வந்து சேர்ந்தார். மகனுக்கு ஒரு குழி இல்லாமல் தான் கண்மூட முடியாது என்று தினமும் அழுதார். அவர் இல்லை என்று ஒத்துக்கொண்டு ஒரு பூசை வைத்துவிடு என்று பங்குச் சுவாமியும் சொன்னார், நானும் சொன்னேன். இமெல்டா அசையவில்லை. உடம்பைக் காணாமல் வெள்ளைப் பூ வெட்டமாட்டேன் என்றாள்.

பிறகு ஒரு உடம்பு வந்தது. கடற்கரையில் ஒதுங்கியது. முறைப்பாடு செய்தவர்கள் வந்து பார்க்கலாம் என்று பொலிசில் இருந்து ஆள் வந்து சொன்னார். நாங்கள் மூவரும் பிணவறைக்குப் போனோம். முகம் என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. உயரம் செபஸ்தியானின் உயரம். தாய் பார்த்த உடனேயே, "இது என்ர பிள்ளை" என்று சரிந்துவிட்டார். இமெல்டா மட்டும் துணியை விலக்கிக் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். உங்கள் கணவர்தானா என்று அதிகாரி கேட்டார். இல்லை என்பாள் என்று நினைத்தேன். "ஆமா, எங்க வீட்டுக்காரர்தான்" என்றாள்.

கொட்டாஞ்சேனையில் அவள் பிறந்த வீட்டில் பெட்டியை வைத்தார்கள். மொட்டை மாடியில் நின்ற வெள்ளையெல்லாம் வெட்டிக் கொண்டுவந்தாள். மூடிய பெட்டிமேல், படுக்க வைத்தால் கடைக்காரர் எடுக்கமாட்டார் என்று எனக்குப் படிப்பித்தவளே, ஒவ்வொரு தண்டாக நீளத்துக்குப் படுக்க வைத்தாள். பகல் வெக்கையில் செபமாலை நடந்தது. நடுவில் யாரோ ஒரு பெண் சொல்வதை நிறுத்தினாள். பக்கத்தில் இருந்தவளும் நிறுத்தினாள். நான் நிமிர்ந்து பார்த்தேன். பெட்டியின் ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை பூக்கள் தலையைத் தூக்கியிருந்தன. படுத்திருந்தவர்கள் ஏதோ சத்தம் கேட்டு எழும்புவது மாதிரி, எல்லாம் ஒரே பக்கமாக, மேலே. கதவருகில் இருந்தவர்கள் வெளியே போய்விட்டார்கள். காரணம் தெரிந்த எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. தாய் கண்ணை மூடிச் செபித்துக்கொண்டிருந்ததால் ஒன்றையும் காணவில்லை. இமெல்டா இருந்த இடத்தை விட்டு அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடக்கம் முடிந்து சில நாளில், வெறுமையான சாடிகளுக்குப் பக்கத்தில் இருந்தபடி அவள் எனக்குச் சொன்னாள்.

"அது அவர் இல்ல, டீச்சர்."

அந்த உடம்பின் இடது தொடையில் நீளமான பழைய தையல் அடையாளம் இருந்ததாம். செபஸ்தியானின் காலில் ஒரு கீறலும் கிடையாது. மாமிக்கு மகனின் குழி ஒன்று வேண்டும், யாரோ பெற்ற அந்தப் பிள்ளைக்கு ஒரு பெயர் வேண்டும், இல்லாவிட்டால் கேட்பாரற்ற பிணம் என்று எங்கேயாவது தாட்டுவிடுவார்கள் என்றாள். அப்படியென்றால் பூவை ஏன் படுக்க வைத்தாய் என்று கேட்டேன். கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது எனக்கு.

"நான் பொய் சொல்லிட்டேன். அந்தப் பிள்ளைக்கு வாய் இல்ல. அங்க யாராவது அது அவர் இல்லைன்னு சொல்லணுமே" என்றாள்.

மாமி நிம்மதியாகக் கண்மூடினார். இமெல்டா அடுத்த மழைக்கும் வெள்ளை விதை தூவினாள், செபஸ்தியானுக்காக. கார்த்திகை மாதத்தில் இறந்தவர்களுக்குச் செபிக்கும் நாளில் அந்தக் குழி இருந்த சேமக்காலைக்குப் போய், பெயர் தெரியாத அந்தப் பிள்ளைக்காக மெழுகுதிரி கொளுத்தினாள். இரண்டு பேருக்காகவும் காத்திருந்தாள். தன்னுடையவர் வருவார் என்று ஒரு காத்திருப்பு, அவனைத் தேடி யாராவது வருவார்கள் என்று இன்னொன்று. சண்டை முடிந்த பிறகும் ஒருவரும் வரவில்லை. கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தபோது, உன்னை எங்கே வைப்பது என்று நானே கேட்டுவிட்டேன். கேட்காமல் இருந்திருந்தால் ஷாமினிக்குப் பதில் சொல்ல என்னால் முடிந்திருக்காது.

"அங்கயே வைங்க. எங்க வீட்டுக்காரர் வந்தா என்னைத் தேடிக் கண்டுபிடிச்சிடுவார். அந்தப் பிள்ளைக்குத்தான் யாரும் இல்ல."

மாதம்பிட்டிச் சேமக்காலையில் குழியைத் திறந்தார்கள். பழைய எலும்புகளை எடுத்துத் துணியில் கட்டி, புதுப் பெட்டியின் கால்மாட்டில் வைப்பது வழமை. குழி வெட்டியவர் ஒரு தொடை எலும்பைக் கையில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தார். அதோடு ஒரு உலோகத் தகடு ஆணிகளோடு ஒட்டியிருந்தது. பெரியப்பாவுக்குக் கால் முறிந்திருந்ததா என்று ஷாமினி என்னைக் கேட்டாள். பிறகு சொல்கிறேன் என்றேன். தகடு தானாகக் கழன்று வந்தது, அதை நான் வாங்கிக்கொண்டேன். எலும்பை இமெல்டாவோடு வைத்தார்கள்.

இமெல்டாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தத் தகடுதான். கழுவி, கைலேஞ்சியில் சுற்றி, அலுமாரியில் வைத்திருக்கிறேன். இத்தனை வருடத்துக்குப் பிறகும் அதில் துருவில்லை. இடது தொடையில் தகடு வைத்த, உயரமான ஒரு பிள்ளையை அந்த வருடங்களில் தொலைத்தவர்கள் இதை வாசித்தால் வெள்ளவத்தைக்கு வாருங்கள். அவன் அநாதையாகக் கிடக்கவில்லை. பக்கத்தில் ஒரு நல்ல மனுஷி இருக்கிறாள். அவனுக்குக் கால் முறிந்த அன்று யாரோ பதறித் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பார்கள். அவர்கள் வரட்டும்.