வெளுத்த உருண்டைகள்

குற்றச்சாட்டு: மார்ச் பதினான்காம் தேதியிட்ட கடிதத்தில், "உலை இயக்குபவரின் அலட்சியத்தால் மாதிரிகள் பாழாயின, ஆராய்ச்சி கைவிடப்படுகிறது" என்று நிறுவனம் எழுதியது. பாழானது உண்மை. அலட்சியம் என்பது பொய்.

உலைக்காரர் பள்ளியைப் பாதியில் விட்டவர். உலையோடு வந்த கையேட்டை அகராதியின் துணையோடு படித்தே தொழில் கற்றவர். செயற்கை இடுப்பு மூட்டுக்கான பீங்கான் உருண்டைகளைச் சுட்டெடுப்பது அவர் வேலை. அந்த அறையில் சுத்தம் என்றால் வெள்ளை. ஒரு கரும்புள்ளி தெரிந்தாலும் உருண்டை குப்பைக்குத்தான்.

புதிதாக வந்த பீங்கான் மாவோ கன்னங்கரேலென்று இருந்தது. விரிசல் விடாத உருண்டை செய்யப் போகிறார்கள் என்பது மட்டும் அவருக்குத் தெரியும். இளம் பொறியாளர் கதவருகே நின்றபடியே சொன்னார்:

"அண்ணே, இது சுத்தமா வரணும். பாத்துக்குங்க."

"பளிச்சுன்னு எடுத்துத் தரேன் சார்."

உலைக்குள் காற்றை விட்டு, கறுப்பு முழுவதையும் எரித்தார். பால் போன்ற உருண்டைகள் வந்தன. சோதனை இயந்திரம் லேசாக அழுத்தியதுமே பொடிப்பொடியாயின.

பொறியாளர் தலையில் கைவைத்துக்கொண்டார். "அந்தக் கறுப்புதாண்ணே பலமே! அது நானோ குழாய். கண்ணுக்குத் தெரியாத கரி இழை; பீங்கானை இழுத்துப் பிடிச்சுக்கும். காத்து கலக்காம சுடணும்னுதானே சுத்தமான்னு சொன்னேன்!"

இழைகள் புகையாகிப் போன இடமெல்லாம் ஓட்டையாகி இருந்தது.

வீட்டில் மனைவி சிரிப்பை அடக்கவில்லை. "என் புடவைய ஒரு நாளாவது இப்படி வெளுத்துக் குடுத்திருக்கீங்களா?"

இடுப்பைப் பிடித்துக்கொண்டு தங்கையும் சிரித்தாள். அவளுக்குப் பொருத்தியிருந்த பழைய உருண்டை விரிசல் விட்டிருந்தது. உறுதியான புது வகை வரும்வரை பொறுத்திருக்கலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

"விடுண்ணா. உன் கை பட்ட புது உருண்டைதான் வேணும்னு அடம் புடிச்சுக் காத்திருந்தது நான்தானே? அடுத்த தடவை கறுப்பாவே எடு. உள்ள இருக்கிறது யார் கண்ணுக்குத் தெரியப் போகுது?"

அவரால் சிரிக்க முடியவில்லை. "இன்னொரு தடவை சொல்லுங்க சார்" என்று அன்று வாய் திறந்து கேட்டிருக்கலாம். கறுப்பு எதற்கு என்ற ஒரே கேள்வி போதுமாயிருந்திருக்கும். வெள்ளையைத் தவிர வேறெதையும் அவர் நினைத்தே பார்க்கவில்லை. தங்கை சுவரைப் பிடித்து நடக்கும்போதெல்லாம் அவர் வேறு பக்கம் பார்த்துக்கொள்கிறார்.

எனவே நிறுவனத்துக்கு அவர் எழுதியது இது: 'அலட்சியம்' என்ற சொல்லை நீக்க வேண்டும். நீக்க மனமில்லையென்றால் அது அப்படியே இருக்கட்டும். எஞ்சிய கறுப்பு மாவு உலை அறை அலமாரியில் மூடிய புட்டியில் கெடாமல் இருக்கிறது. அதைக் காற்றுப் படாமல் ஒரே ஒருமுறை சுட அனுமதி உண்டா, இல்லையா? இதற்கு வாய்மொழியாக அன்றி, எழுத்துமூலமாகப் பதில் தர வேண்டும்.