ஃபிரிட்ஜின் முதுகில் ஒரு பவளப் பொட்டு

ஆர்டிஸுக்காகப் பரிந்து பேச யாரும் என்னிடம் வரவேண்டாம். வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்தேன், சொன்னதைக் கேட்டேன், அனுப்பிவைத்தேன். அவளும் பாவம்தான் என்கிறார்கள். பாவமாகவே இருந்துவிட்டுப் போகட்டும். நான் வெர்லீன் பக்கம். அவளுக்கு நடந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

குளிர்காலம் வந்தால் நாங்கள் ஒரு கூட்டம் பெண்கள், கட்டிலும் அடுப்பும் உள்ளேயே இருக்கும் அவரவர் வீட்டுவண்டியை ஓட்டிக்கொண்டு அரிசோனா பாலைவனத்துக்கு வந்துவிடுவோம். விதவைகள், கணவனை விட்டவர்கள், கணவன் விட்டவர்கள், கட்டிக்கொள்ளாமல் தப்பித்தவர்கள் என்று எல்லா வகையும் உண்டு. வெர்லீன் டாக்கெட் கென்டக்கிக்காரி. பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். ஆள் வாட்டசாட்டம், குரல் அதைவிட. கணவன் ஹாய்ட் போனபிறகு வீட்டை விற்றுவிட்டு ரோட்டுக்கு வந்தாள். திரும்பிப் போக அவளுக்கு வேறு கூரை கிடையாது. வண்டிதான் வீடு, ஆர்டிஸ்தான் சொந்தம். இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முகாமில் யாருடைய ஃபிரிட்ஜ் படுத்தாலும் வெர்லீன்தான் வைத்தியர். கழுத்தில் கரண்ட் பார்க்கும் மீட்டர், கக்கத்தில் ஒரு ரப்பர் பாய். எங்கள் ஃபிரிட்ஜுகளின் முதுகில் தீ இருக்கும். கேஸ் எரியும், இல்லாவிட்டால் கரண்டில் ஒரு கம்பி காயும். முதுகு சுட்டால்தான் வயிறு குளிரும். ஏனென்று என்னைக் கேட்காதீர்கள், வெர்லீன் எத்தனையோ தடவை விளக்கியும் எனக்கு ஏறவில்லை. தீயை மூட்டுவதும் அணைப்பதும் ஒரு சின்ன எலக்ட்ரானிக் பலகை. அதற்கு பேட்டரியிலிருந்து கரண்ட் வரவேண்டும். வராவிட்டால் ஃபிரிட்ஜின் முன்பக்க விளக்கு அணைந்து, வெண்ணெய் உருகத் தொடங்கிவிடும். உடனே எல்லோரும் பலகை போச்சு, புதுசு வாங்கணும் என்று புலம்புவார்கள். வெர்லீன் புலம்ப விடமாட்டாள். முதலில் பேட்டரி, அப்புறம் ஃபியூஸ், அப்புறம் வண்டிக்கு வெளியே போய்ப் பின்பக்க மூடியைத் திறந்து ஒயர் ஒயராகப் பார்ப்பாள். பத்தில் ஒன்பது தடவை ஏதோ ஒரு முனை துருப்பிடித்திருக்கும். ஒரு தடவை நான் அலறியடித்துக் கூப்பிட்டபோது, ரொட்டி டப்பாவைத் தள்ளும்போது நானே சுவிட்சை அணைத்திருந்தேன். அந்தக் கதையைச் சொல்லாமல் அவள் எந்த விருந்திலும் தட்டைக் கையில் எடுத்ததில்லை.

நகப்பூச்சு வழக்கமும் அவள் கொண்டுவந்ததுதான். ஒயரைக் கழற்றுமுன் அதிலும், அது உட்காரும் இடத்திலும் ஒரே நிறத்தில் பொட்டு வைக்கவேண்டும். திருப்பி மாட்டும்போது தடுமாற்றம் வராது. ஆளுக்கொரு நிறம் என்பதால், கடைசியாகக் கை வைத்தது யார் என்று அடுத்து திறப்பவளுக்கும் தெரியும். வெர்லீனுக்குக் கரும்பச்சை, எனக்குக் கத்திரிப்பூ நிறம், ஆர்டிஸுக்குப் பவளம். எங்கள் நகங்கள் மொட்டையாகத்தான் இருக்கும். ஃபிரிட்ஜுகளின் முதுகைப் பார்த்தால் கல்யாணப் பெண் கெட்டாள்.

ஆர்டிஸ் மினசோட்டாக்காரி. ஒல்லி, சுத்தம், சிக்கனம், அதிகம் பேசமாட்டாள். வெர்லீன் எங்கே வண்டியை நிறுத்தினாலும் அவள் பக்கத்தில் நிறுத்துவாள். வெர்லீனுக்கு முழங்கால் ஆபரேஷன் நடந்தபோது பக்கத்து ஊர் யூமாவின் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனதும், வந்தபின் தலைக்குக் குளிப்பாட்டி விட்டதும் அவள்தான். அதை மறைக்கமாட்டேன். அந்தக் கைதானே இதையும் செய்தது என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

போன வருஷம் வெர்லீனின் பழைய வண்டி நடுரோட்டில் இன்ஜின் வெடித்து, பழைய இரும்புக்குப் போயிற்று. அந்தச் சமயம் பார்த்து ஆர்டிஸ் சின்ன டிரெய்லர் ஒன்று வாங்கப்போவதாகச் சொன்னாள். தன் வண்டியை வெர்லீனே விலைக்கு எடுத்துக்கொள்ளட்டும் என்றாள். நாங்கள் எல்லோரும் அவளைத் தலையில் தூக்கி வைத்து ஆடாத குறை. வெர்லீன் டயரைக்கூட உதைத்துப் பார்க்கவில்லை. ஃபிரிட்ஜின் பின்மூடியையாவது திறந்து பாரேன் என்று நான்தான் சொன்னேன். நன்றாக ஓடுகிற ஃபிரிட்ஜ் பெட்டியில் கை வைக்கக்கூடாது என்பது வெர்லீனின் சட்டம். அந்தச் சட்டத்தை அன்று அவளுக்கே எடுத்துச் சொன்னவள் ஆர்டிஸ். நாங்கள் சிரித்தோம்.

குடிபோன அன்று ஆர்டிஸ் ஒரு பரிசு கொண்டுவந்தாள். சிவப்பு ரிப்பன் கட்டிய தீயணைப்பு உருளை, கூடவே புகை வந்தால் கத்தும் கருவி. வெர்லீனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஹாய்ட்கூட இப்படி என்னை நினைத்ததில்லை என்றாள். இரண்டையும் கட்டிலுக்குப் பக்கத்தில் மாட்டி, ரிப்பனை அவிழ்க்காமல் வைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினாள். அந்தக் கட்டிலின் தலைமாட்டுக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவே ஒரு மரத்தடுப்புதான். ஜன்னலைத் திறந்துவைத்துப் படு, காற்று நல்லது என்று ஆர்டிஸ் அடிக்கடி சொல்வாள். அதையும் அக்கறை என்றே எடுத்துக்கொண்டோம்.

ஜனவரியில் ஒரு வாரம் பக்கெட்டில் தண்ணீர் உறைகிற அளவுக்குக் குளிர் விழுந்தது. ஆர்டிஸின் புது டிரெய்லரில் ஹீட்டர் நின்றுபோயிற்று. என் கட்டிலில் பாதியை எடுத்துக்கோ என்று வெர்லீன் கெஞ்சினாள். உன் குறட்டைக்கு இந்தக் குளிரே தேவலை என்று சொல்லிவிட்டு, ஆர்டிஸ் டிரெய்லரை இழுக்கும் பிக்கப் வண்டியின் முன்சீட்டில் இரண்டு கம்பளியைச் சுற்றிக்கொண்டு படுத்தாள். வெர்லீனுக்கு உள்ளுக்குள் வருத்தம்தான். காட்டிக்கொள்ளாமல் தன் குறட்டையைத் தானே நடித்துக்காட்டி எல்லோரையும் சிரிக்கவைத்தாள்.

பிப்ரவரியில் ஐஸ்கிரீம் உருகியது. வெர்லீனின் ஃபிரிட்ஜ் பெரியது என்பதால் சனிக்கிழமை விருந்துக்கான ஐஸ்கிரீம் அங்கேதான் இருக்கும். அன்று டப்பாவைத் திறந்தால் கஞ்சி. வைத்தியர் வீட்டிலேயே சீக்கா என்று நான் கிண்டல் செய்தேன். முன்விளக்கு அணைந்திருந்தது. வெர்லீன் கதவை ஓங்கி மூடியதும் எரிந்தது, சற்று நேரத்தில் மறுபடி அணைந்தது. ஆடினால் வருகிறது என்றால் எங்கேயோ ஒரு முனை தளர்ந்திருக்கிறது, திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்றாள்.

அந்த இரண்டு நாளும் ஆர்டிஸ் அவளை விடவில்லை. குனியாதே, முழங்கால் என்றாள். யூமாவிலிருந்து மெக்கானிக்கை வரவழைக்கிறேன் என்றாள். பழைய பெட்டி, தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கு, பாதியை நான் போடுகிறேன் என்றுகூடச் சொன்னாள். கஞ்சத்தில் மகாராணியான ஆர்டிஸ் பாதி போடுகிறேன் என்றபோதே எனக்குச் சுருக்கென்று பட்டிருக்கவேண்டும். படவில்லை. வெர்லீன் அவள் கன்னத்தைத் தட்டி, எனக்கே மெக்கானிக்கா என்று சிரித்தாள்.

திங்கட்கிழமை காலை வண்டிக்குப் பின்னால் ரப்பர் பாயை விரித்துக் குப்புறப் படுத்தாள். டார்ச் பிடிக்க நான். பேட்டரி சரி, ஃபியூஸ் சரி. பின்மூடியைத் திறந்து மீட்டரின் முனையை வைத்தாள். பலகைக்குக் கரண்ட் வரவில்லை. ஒயரைப் பிடித்துக்கொண்டே மேலே போனாள். தீ எரிகிற இடத்துக்கு மேலே ஒரு சின்ன சுவிட்ச் உண்டு. சூடு மிஞ்சினால் அது தானே கரண்டை வெட்டி எல்லாவற்றையும் நிறுத்திவிடும். அது வெட்டினால் பெட்டி உள்ளே கெட்டிருக்கிறது என்று பொருள். அதை மீறி ஓட்டினால் வண்டி எரியும். எரிந்ததை நாங்கள் பார்த்திருக்கிறோம். ஒரு வீட்டுவண்டி எரிய ஒரு காப்பி குடிக்கிற நேரம் போதும்.

வெர்லீனின் கை அங்கே நின்றுவிட்டது. சுவிட்சின் இரண்டு பக்க ஒயரையும் கழற்றி, நடுவே ஒரு துண்டு ஒயரால் முடிச்சுப் போட்டிருந்தது. சுவிட்ச் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது, சூடு மிஞ்சினாலும் இனி அது கரண்டை வெட்டாது. முடிச்சுப் போட்ட ஒயரின் தோல் வெந்து பழுப்பாகி, ஒரு முனை கருகித் தளர்ந்திருந்தது. விளக்கு போய்ப் போய் வந்தது அதனால்தான். மறுமுனையில் சுத்தமாக, அளவாக, பவள நிறத்தில் ஒரு பொட்டு.

"டார்ச்சை ஆட்டாத ஃபே," என்றாள் வெர்லீன். ஃபே நான்தான்; டார்ச்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். அப்போதே போய் ஆர்டிஸின் டிரெய்லர் கதவை உடைத்திருப்பேன். வெர்லீன் என் மணிக்கட்டைப் பிடித்து உட்கார வைத்தாள். எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு, எப்போதும் கூப்பிடுகிற மாதிரியே ஆர்டிஸைக் கூப்பிட்டாள். ஆர்டிஸ் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். திறந்திருந்த மூடியைப் பார்த்ததும் முகத்தில் ஈயாடவில்லை.

"இது உன் பொட்டுதானே?"

"அந்த சுவிட்ச் சும்மா சும்மா கரண்ட வெட்டுச்சு வெர்லீன். சுவிட்ச்தான் கெட்டுப்போச்சுன்னு நினைச்சேன்."

"அப்படி நினைச்சிருந்தா என்னைக் கூப்பிட்டிருப்ப. ஏன் சொல்லல?"

ஆர்டிஸ் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். "சொன்னா நீ வாங்கியிருக்க மாட்ட."

"வாங்கியிருப்பேன்டி. சரி பண்ணிட்டு வாங்கியிருப்பேன்."

அப்புறம் வெர்லீன் கேட்டதுதான் என் நெஞ்சில் இன்னும் நிற்கிறது. குரலை உயர்த்தவே இல்லை.

"அவ்வளவு குளிர்ல பிக்கப் சீட்டுல படுத்தியே. என் குறட்டைக்காகவா?"

ஆர்டிஸ் தரையைப் பார்த்தாள். அந்த நொடியில் எனக்கு ரிப்பன், உருளை, புகைக் கருவி, திறந்த ஜன்னல் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக விளங்கிற்று. இவள் தோழிக்குப் பரிசு கொடுக்கவில்லை. தெரிந்தே ஒருத்தியைத் தீக்குப் பக்கத்தில் படுக்கவைத்துவிட்டு, கையில் தண்ணீரைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். துரோகி என்று அவள் முகத்துக்கு நேரே சொன்னேன். இன்றைக்கும் அதை வாபஸ் வாங்கவில்லை.

வெர்லீன் திட்டவில்லை. "நான் அதுல கை வைக்கல. உன் ஒயர் அப்படியே இருக்கு," என்றாள். "சாயங்காலம் வா. இன்னிக்கு ஒரு ராத்திரி என்கூடப் படு. காலையில எல்லாத்தையும் மறந்துடலாம்."

அன்று பகல் முழுக்க வெர்லீன் வீட்டைத் துடைத்தாள். கட்டிலுக்குப் புது விரிப்பு போட்டாள். தலையணை இரண்டுக்கும் உறை மாற்றினாள். முழு மனதோடுதான் கூப்பிட்டிருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பைத்தியமா உனக்கு, அந்தப் பெட்டியை ஓடவிட்டு இரண்டு பேரும் படுக்கப்போகிறீர்களா என்று கத்தினேன். அவள் சோளரொட்டி மாவைக் கலக்கிக்கொண்டே இருந்தாள்.

வெயில் சாயும் நேரம் ஆர்டிஸ் வந்தாள், நான் உள்ளே மேஜையருகே உட்கார்ந்திருந்தேன். இரவு உடையை மடித்துக் கக்கத்தில் வைத்திருந்தாள். வரவேண்டும் என்றுதான் வந்தாள், அதைச் சொல்லிவிடுகிறேன். வெர்லீன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே ரொட்டி வாசனை. ஆர்டிஸ் ஒரு காலைப் படியில் வைத்தாள், கைப்பிடியைப் பிடித்தாள். கண் மட்டும் வெர்லீனைத் தாண்டி ஃபிரிட்ஜுக்குப் போயிற்று. அப்படியே நின்றாள்.

"எனக்கு முதுகு சரியில்ல வெர்லீன்," என்றாள். காலைக் கீழே எடுத்தாள். துணியை மார்போடு அணைத்துக்கொண்டு தன் டிரெய்லருக்கு நடந்தாள்.

அவள் கதவு சாத்தும் சத்தம் கேட்கும்வரை வெர்லீன் நின்றாள். பிறகு உள்ளே வந்து, சட்டைப்பையில் கைவிட்டு எதையோ எடுத்து மேஜைமேல் வைத்தாள். ஃபிரிட்ஜின் ஃபியூஸ். காலையிலேயே பிடுங்கியிருக்கிறாள், கேஸையும் அடைத்திருக்கிறாள். அந்தப் பெட்டி நாள் முழுக்கப் பிணமாகத்தான் கிடந்திருக்கிறது. உள்ளே வந்து படுத்திருந்தால் ஆர்டிஸுக்கு ஒரு மயிரும் கருகியிருக்காது.

"உள்ள வந்திருந்தா மன்னிச்சிருப்பேன் ஃபே," என்றாள் வெர்லீன்.

பிறகு இரண்டாவது தலையணையின் உறையைக் கழற்றி, மடித்து, அலமாரியில் வைத்தாள். சுவரில் மாட்டியிருந்த உருளையின் ரிப்பனையும் அவிழ்த்தாள். உருளையை மட்டும் அங்கேயே விட்டுவைத்தாள்.