நாலடி உயர வீடு

மேற்குத் தாம்பரத்தில் வீடு கட்டியபோது தரைமட்டத்தைச் சாலையைவிட நாலடி உயர்த்தினேன். கட்டுமானப் பொறியாளராக வேலை பார்த்தவன் நான். ஏரியை ஒட்டிய நிலம் என்பது தெரியும். "எவ்வளவு மழை பெஞ்சாலும் நம்ம வீட்டுக்குள்ள தண்ணி வராது" என்று இருபது வருடமாக, வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். இதற்கிடையே பழைய சாலையைச் சுரண்டாமல் அதன்மேலேயே பலமுறை புதுச் சாலை போட்டார்கள். வாசலில் கட்டிய ஏழு படிகளில் ஐந்து மண்ணுக்குள் போய்விட்டன. மீதி இரண்டில் தினமும் ஏறி இறங்கியபடியே நான் நாலடிக் கணக்கைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு கார்த்திகையில் மூன்று நாள் விடாத மழை. சாலையைவிடப் பள்ளமான எதிர்மனையில் கிடந்த சிமெண்ட் குழாய்க்குள் ஒரு தெருநாய் குட்டி போட்டிருந்தது. மூன்றாம் நாள் மதியம் அது வாயில் ஒரு குட்டியோடு எங்கள் கேட்டைத் தாண்டி வந்தது. என்னைப் பார்த்து ஒரு கணம் நின்றது. பிறகு வெளிப்படிக்கட்டில் ஏறி மொட்டை மாடிக்குப் போனது. நான் குச்சியைத் தேடினேன்.

"விடுங்க, பாவம்" என்றாள் மனைவி. "அதுவே மேல போகுது. நாமளும் அரிசி, பத்திரமெல்லாம் மேல எடுத்து வெச்சிடலாமா?"

"நாலடி இருக்கு. நீ வேற!"

நாய் ஐந்து முறை வந்தது. முதல் முறை தண்ணீர் அதன் கணுக்காலில் இருந்தது. மூன்றாம் முறை வயிற்றைத் தொட்டது. ஐந்தாவது குட்டியைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி நீந்தியே வந்தது. அதோடு முடியவில்லை. மறுபடி இறங்கி நீந்திப் போய், காலிக் குழாய்க்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பியது.

விலங்குகளுக்கு வரப்போவது முன்பே தெரியும் என்பார்கள். அப்படி எனக்குத் தோன்றவில்லை. குழாய்க்குள் தண்ணீர் வந்தது, குட்டியின் வயிறு நனைந்தது, அதை நாய் நம்பியது. அவ்வளவுதான். அதே தண்ணீரை நானும் காலையிலிருந்து பார்த்தேன். கால்வாய் அடைத்திருக்கும், மழை விட்டால் வடிந்துவிடும் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வாசலுக்குப் போய் முதல் முறையாகப் படிகளை எண்ணினேன். இரண்டு. அதில் ஒன்று தண்ணீருக்குள்.

"நாலடி இல்ல" என்றேன், மெல்ல.

"எனக்குத் தெரியாதா?" என்றாள். "நீங்க சொல்லும்போதெல்லாம் சும்மா இருப்பேன்."

அரிசி, பத்திரங்கள், மருந்து, அடுப்பு என்று ஓடி ஓடி ஏற்றினோம். கடைசி மூட்டையோடு ஏறும்போது கூடத்தில் தண்ணீர் புகுந்துவிட்டது. மாடிப்படி முடியும் சிறிய அறையில் நாய் எங்களைப் பார்த்து உறுமியது. சாக்கை விரித்து எதிர்மூலையில் உட்கார்ந்தோம். சற்று நேரத்தில், ஐந்தும் முட்டி முட்டிப் பால் குடிக்க, ஈரம் சொட்டச் சொட்ட அது தூங்கிப்போனது. நான் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு நாளில் தண்ணீர் வடிந்தது. நாங்கள் சேறு வாரும்போது நாய் கீழே வந்தது. தெருவில் ஒவ்வொரு பாதமாக வைத்துப் பார்த்துக் கொஞ்ச தூரம் நடந்தது. திரும்ப மேலேயே போய்விட்டது. அதன் பிறகும் ஒரு வாரம் குட்டிகளை இறக்கவில்லை.