கரும்புச் சக்கைக்கு மூன்று தண்ணீர்

கரும்புச் சக்கையில் பலகை செய்கிறவனுக்கு இரண்டு எதிரிகள்: தேக்கைத் தவிர எதையும் நம்பாத மனிதர், எதையும் தின்று பார்க்கும் எறும்பு. எழுபதுகளின் கடைசியில் சேதராப்பட்டில் ஒரு கொட்டகையில் எனக்கு அந்த வேலை. ஆலையில் பிழிந்து தள்ளிய சக்கையை மூன்று தண்ணீர் கழுவி, காயவைத்து, பசை கலந்து அழுத்தினால் பலகை. வாய் இருந்தும் சத்தம் வராமல் வேலையிடத்தில் அவதிப்பட்டவர்களே, உங்களுக்குத்தான் இது.

முசே வீட்டு நாற்காலி

பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர் ஒருவரிடம் மாதிரிக்கு ஒரு நாற்காலி கொண்டுபோனேன். ஊரில் அவரை முசே, அதாவது ஐயா, என்றுதான் கூப்பிடுவோம். முசே உட்காரவில்லை. முகர்ந்தார், நகத்தால் சுரண்டினார், பிறகு நாயைத் தூக்கி உட்காரவைத்தார். அது சுகமாகச் சுருண்டு தூங்கிவிட்டது.

"நாய்க்கு ஒண்ணு குடு தம்பி. எனக்கு மரத்துல வேணும்."

விக்டோரியா அக்காவின் தடுப்பு

சக்கை கழுவுவது விக்டோரியா அக்கா. மில் வேலை போய் எங்களிடம் வந்தவர். மூன்றாம் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்ப்பார். இனித்தால் நாலாம் தண்ணீர்.

குருசுக்குப்பத்தில் அவருக்கு ஒற்றை அறை வீடு, ஒரே மகள். ஓரமாக ஒரு தடுப்பு இருந்தால் கல்யாணத்துக்குப் பிறகு இங்கேயே தங்குவதாக மாப்பிள்ளை ஒப்புக்கொண்டிருந்தார். ஓலைத்தட்டி போதாதா என்று எங்கள் மேஸ்திரி அந்தோணி அண்ணன் சீண்டினார்.

"ஊர்ல இருக்கறவங்களுக்கெல்லாம் கழுவிக் குடுத்தேன், எம் பொண்ணுக்குத் தட்டியா?"

கிணறு வற்றிய வாரம்

அக்கா கல்யாண வேலையாக லீவில் போய்விட்டார். தடுப்புக்கென்று அவர் கழுவிவைத்த சக்கையில் நாலு பலகைதான் தேறியது. இன்னும் இரண்டு வேண்டும். கிணற்றிலோ அடித்தண்ணீர். ஒரே அலசலில் சக்கையை ஏற்றச் சொன்னார் அண்ணன். நாக்கில் வைத்துப் பார்த்தேன், இனித்தது. சொன்னேன். மெஷின் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. நிறுத்திவிட்டுச் சொல்லியிருக்கலாம்.

"நாளான்னிக்குக் கல்யாணம்டா. முணுமுணுக்காம ஏத்து."

தலைமாட்டில்

கல்யாணமாகி ஒரு வாரம் இருக்கும், தடுப்பில் சாரைசாரையாக எறும்பு. ஒரே அலசலில் ஏற்றிய எங்கள் இரண்டு பலகையும் பெண்ணின் தலைமாட்டில் அமைந்துவிட்டன. அவள் கழுத்தெல்லாம் தடிப்பு. மாப்பிள்ளை அவளைப் பிள்ளைச்சாவடிக்கு, தன் அம்மா வீட்டுக்கு, கூட்டிப்போய்விட்டார்.

அக்கா வேலைக்குத் திரும்பிய அன்று சொல்லிவிடுவதென்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். ஆறு பலகையும் தான் கழுவியதென்றே அவர் நினைத்திருந்தார். தொட்டியோரம் குந்தி, தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தபடி அவரே முந்திக்கொண்டார்.

"பலகை நான் கழுவனது தம்பி, அதுல ஒண்ணும் இருக்காது. நாந்தான் பாயசத்த எங்கனா சிந்திட்டேன் போல."

எறும்பு ஒரே வாரத்தில் ஊரறியச் சொன்னதை நான் இன்றுவரை அக்காவிடம் சொல்லவில்லை, ஆகவே நீங்களும் இதைச் சத்தம்போட்டுப் படிக்காதீர்கள்.