தாய்மாமன் மடியும் ஆசிட் மோட்டாரும்

போன வாரம் ஒரு காதுகுத்துக்குப் போய் வந்தேன். தாய்மாமனை அங்கே வரவழைத்தது ஓர் ஆசிட் குழாய். நம்பமாட்டீர்கள்... நானும்தான் நம்பியிருக்கமாட்டேன்.

ஜலகண்டாபுரம் பக்கம் நண்பர் முருகேசனுக்கு ஆலை. நூலைக் காஸ்டிக் சோடாவில் முக்கி மினுமினுப்பு ஏற்றுவார்கள். காம்பவுண்டு சுவருக்கு அந்தப் பக்கம் அவர் தங்கை கணவர் குழந்தைவேலுவின் ஆலை. அங்கே இரும்புக் கம்பியை ஆசிட்டில் கழுவித் துரு நீக்குவார்கள். இவர் கழிவு காரம்; அவர் கழிவு அமிலம். குழந்தைவேலு மோட்டார் போட்டுக் குழாய் வழியே ஆசிட் கழிவை அனுப்ப, முருகேசனின் தொட்டியில் இரண்டையும் அளவாகக் கலந்தால், இரண்டின் வீரியமும் அடங்கிவிடும். ஒருவர் நிறுத்தினால் மற்றவரும் நிறுத்த வேண்டியதுதான். எவ்வளவு அழகான ஏற்பாடு!

ஆனால் மச்சான்மார் இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. மகள் காதுகுத்துக்குத் தட்டு வைத்து நேரில் அழைக்காமல், குழந்தைவேலு வாட்ஸ்அப்பில் பத்திரிகை அனுப்பிவிட்டாராம். தாய்மாமனுக்கு ஃபார்வர்டு மெசேஜா? கோபம் வராதா?

நான் ஆலைக்குப் போன அன்றுதான் அந்தக் காதுகுத்து. தொட்டியில் விளிம்பு வரை காரத் தண்ணீர். மேற்கொண்டு கழிவை விட இடமில்லாமல், சாயங்காலம் லாரி ஏற வேண்டிய நூல் பாதியில் நிற்கிறது — இன்று தவறினால் அந்த வியாபாரி இனி இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார். ஆசிட்டோ வரவில்லை. சுவருக்கு அப்பால் பட்டு வேட்டியில் குழந்தைவேலு.

இருவரும் என்னிடம்தான் பேசினார்கள்.

"ஏனுங்க சார், மோட்டாரப் போடச் சொல்லுங்க. தொட்டி ரொம்பிப்போச்சு" என்றார் முருகேசன்.

"காது குத்துனாத்தான் மோட்டார் ஓடும்னு சொல்லிப்போடுங்க சார்" என்றார் குழந்தைவேலு.

"அப்பச் சட்டுனு குத்தச் சொல்லுங்க!"

"தாய்மாமன் மடியில்லாம எப்படிங்க குத்தறது?"

நடுவில் நான் எதற்கு? சுவர் இடுப்பு உயரம்தான்.

முருகேசன் தொட்டியைப் பார்த்தார். லாரியைப் பார்த்தார். முனகிக்கொண்டே என் பைக்கில் ஏறினார். சட்டைப் பையில் நகைக்கடை டப்பா — உள்ளே குட்டிக் கம்மல். எப்போது வாங்கினார் என்று நான் கேட்கவில்லை.

கோயிலில், மடியில் இருந்த குழந்தை வீறிட்டது. "அவ்வளவுதான் சாமி, முடிஞ்சுது சாமி" என்று முருகேசனும் சேர்ந்து அழுதார். பக்கத்தில் குழந்தைவேலு போனில் வாட்ச்மேனிடம் கத்திக்கொண்டிருந்தார்: "குத்தியாச்சு! மோட்டாரப் போடு!"

பந்திக்குக் கூப்பிட்டார்கள். முருகேசன் விறைத்துக்கொண்டு நின்றார். "தட்டு வெச்சு அழைக்காதவங்க ஊட்டு விசேசத்துல நான் கை நனைக்கமாட்டேனுங்க."

அவர் கை நனைக்காவிட்டால் போகிறது... அவருடைய தொட்டிதான் மூன்று வேளையும் அந்த வீட்டு ஆசிட்டைக் குடித்துக்கொண்டிருக்கிறதே!